எனக்குத் தீட்டு இல்லையாம்

புத்தாண்டு வாழ்த்து அனுப்பியவர்கள் யாருக்கும் நான் பதில் போடவில்லை. மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. அன்று முழுக்க என் கையில் போன் இல்லை. தேங்காயும் கற்பூரமும்தான் இருந்தன.

என் தம்பி சேகர் ஆடி மாதம் செத்துப் போனான். 'இறைவனடி சேர்ந்தான்' என்றெல்லாம் எழுத எனக்கு வராது. மாரடைப்பு. செத்துப் போனான். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை கோயிலுக்குப் பக்கத்தில், அவனும் அவன் மனைவி வனிதாவும் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார்கள். கடையை நடத்தியது வனிதாதான். சேகர் பக்கத்துக் கடைக்காரரோடு அரசியல் பேசிக்கொண்டிருப்பான்.

அவன் போனதிலிருந்து கடை பூட்டியே கிடந்தது. ஜனவரி ஒன்று அன்று திறக்கட்டுமா என்று வனிதா கேட்டாள். தன் கடையைத் திறக்க அனுமதி கேட்டாள் — கவனியுங்கள். படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வேறு பிழைப்பு இல்லை. வெளியூர்க் கூட்டமெல்லாம் வந்து இறங்குகிற அன்றைக்கும் பூட்டிக் கிடந்தால், அப்புறம் அந்தக் கடையை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

எங்கள் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை.

"இன்னும் வருஷம் திரும்பலம்மா. எழவு வூட்டுக் கையால சாமிக்குப் பொருள் குடுக்கலாமா? வாங்கிட்டுப் போறவங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, அந்தப் பாவம் யாருக்கு?"

"அப்போ புள்ளைங்க பட்டினி கெடந்தா அது பாவம் இல்லியா?" என்றேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். வழி கண்டுபிடித்துவிட்டார்.

"நீ போய் உக்காரு. நீ கட்டிக் குடுத்த பொண்ணு, வேற வூடு. உனக்குத் தீட்டு மூணாம் நாளே போயிடுச்சு. வனிதா பின்னால இருந்து எல்லாம் எடுத்து வெக்கட்டும். கையால குடுக்கறது மட்டும் நீ குடு."

சேகருக்கு நடை பழக்கியவள் நான். பள்ளிக்கூடம் போன முதல் நாள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதவன் அவன். அவனுக்காக எனக்கு மூன்றே நாள். வாழ வந்தவளுக்கு ஒரு வருஷம். யார் போட்ட கணக்கு இது?

கத்தத்தான் வாயைத் திறந்தேன். வனிதா என் கையைப் பிடித்தாள். "வேணாம் அண்ணி. கடை தொறந்தா போதும்."

போய் உட்கார்ந்தேன். வேங்கிக்கால் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவளுக்குத் தேங்காய்க் கடை என்ன தெரியும்? வெற்றிலையை வைத்தால் பாக்கை மறந்தேன். கூட்டமோ மேலே வந்து விழுகிறது.

"ஆன்ட்டி, ஒரு தட்டு குடுக்க இவ்ளோ நேரமா? நாங்க உள்ள போறதுக்குள்ள பொங்கலே வந்துடும் போல!" என்றான் ஒரு சென்னைப் பையன்.

"வந்தா வரட்டும். பொங்கல் சாப்ட்டுட்டு ஊருக்குப் போ."

அவன் சிரித்தான். எனக்குப் பின்னால் வனிதாவும் சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

கூட்டம் இன்னும் நெருக்கியது. நான் ஒருவரிடம் சில்லறைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கர்ப்பிணிப் பெண் நெய்விளக்கு கேட்டுக் கையை நீட்டினாள். வனிதா எட்டிக் கொடுத்துவிட்டாள். பல வருஷப் பழக்கம்... கை தானாகப் போய்விட்டது. "பாத்து மெதுவா போம்மா" என்றுகூடச் சொன்னாள்.

அப்புறம்தான் உறைத்தது.

"அண்ணி... நான் குடுத்துட்டேன். வயித்துப் புள்ளக்காரி அண்ணி! கூப்பிடுங்க அவங்கள. நீங்க வேற எடுத்துக் குடுங்க."

"சும்மா இரு வனிதா. ஒண்ணும் ஆவாது."

"ஐயோ, கூப்பிடுங்க அண்ணி!"

கடையை விட்டு இறங்கி ஓடினாள். அந்தக் கூட்டத்தில் யாரை எங்கே தேடுவது? வெறுங்கையோடு திரும்பி வந்து, தேங்காய் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் செத்த அன்றைக்கு அழுத மாதிரியே அழுதாள். ரோட்டில் யாரோ யாருக்கோ 'ஹேப்பி நியூ இயர்' என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனோடு சண்டை போட எனக்குத் தெரியும். பாதிக்கப்பட்டவளே அதை நம்பினால் நான் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு. மலையைக் கும்பிடாமல் நான் பஸ் ஏறியதில்லை. அந்த மலை ஒரு பெண்ணை இப்படிப் பயமுறுத்தச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

கடை மூடும்வரை நானே கொடுத்தேன். வனிதா கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி எதையும் தொடவில்லை.

அந்தப் பெண் விளக்கை ஏற்றியிருப்பாள். அது நன்றாகவே எரிந்திருக்கும். சாமி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்காது — சொல்வதற்குத்தான் சொந்தக்காரர்கள் இத்தனை பேர் இருக்கிறோமே!