பெத்லகேமில் மணி இரண்டரை

எருசலேமிலிருந்து பெத்லகேமுக்கு, காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போகும் தூரம்கூட இல்லை. ஆனால் இந்த மார்ச் மாதம் இரண்டு ஊருக்கும் வேறு வேறு மணி. கோடை வருகிறதென்று இஸ்ரேல்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். பாலஸ்தீனியர்கள் இன்னும் தள்ளவில்லை. இஸ்ரேல் வைத்த மணியை ஏற்றுக்கொண்டால் பணிந்துபோன மாதிரி ஆகிவிடுமாம். எருசலேமில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் யாத்ரீகர் விடுதியில் சமையல் உதவிக்கு இருக்கும் நான் இதைக் கேட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

தலைமைச் சமையல்காரர் யூசுப் பெத்லகேம்காரர். எருசலேம் பஸ்களில் குண்டு வெடித்ததும் இஸ்ரேல்காரர்கள் பாதையை அடைத்துவிட்டார்கள். அவருடைய அம்மாவோ எருசலேம் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் கிடந்தார். சிஸ்டர்கள் அலைந்து ஒரு நாள் அனுமதிச் சீட்டு வாங்கினார்கள். மூன்று மணிக்குள் ராணுவத் தடுப்பைத் தாண்ட வேண்டும். போனில் அதைச் சொன்னது நான்தான். யார் மணி என்று சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து ஒரே மணியில் வளர்ந்தவனுக்கு அது வாயில் வரவில்லை. தன் ஊர் மணிக்குத்தான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இரண்டரைக்கு வந்தார். தடுப்பில் மணி மூன்றரை. இந்தப் பக்கம் காத்திருந்த நான் சிப்பாயிடம் கெஞ்சினேன். அவன் அதட்டவில்லை. "என் தங்கை தினமும் அந்த பஸ்ஸில்தான் போகிறாள்" என்று மட்டும் சொன்னான். யூசுப் அம்மாவுக்குக் கொண்டுவந்த ஆரஞ்சுப் பையைத் தடுப்புக்கு மேலே என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பினார். மறுநாள் காலையில் அந்தத் தாய் இறந்துபோனார். கட்டிலடியில் பை பிரிக்காமலே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியிலிருந்து என் மனைவி மேரி போன் செய்தாள்.

"ரெண்டு பக்கத் தலைவருகளும் கையக் குலுக்குனத டிவில காட்டுனாகளே. பெறகென்ன?"

"இஸ்ரேல்ல தேர்தல் வருது மேரி. விட்டுக்குடுத்தா ஓட்டுப் போயிரும்னு இவுக பயப்படுறாக. அங்குட்டு, கையெழுத்துப் போட்டவுகள மண்ண வித்துப்புட்டாகன்னு சொந்த ஆளுகளே ஏசுறாக."

"நம்மூரு எலெக்சனாட்டமே சொல்றீக. அதுக்கு ஒரு தாயி மகன் மொகம் பாக்காமச் சாகணுமாக்கும்."



கேதம் கேட்கப் பெத்லகேம் போனேன். தடுப்பில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள். யூசுப் வீட்டில் கசப்புக் காப்பி கொடுத்தார்கள். அரைகுறை அரபியில் என் தப்பைச் சொன்னேன். "ரெண்டு கடிகாரமும் சரியாத்தான் ஓடுச்சு" என்றார் யூசுப். அதற்குமேல் உட்கார முடியாமல் பேசாமல் எழுந்து வந்தேன்.

எங்கள் பக்கம் கேத வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்வதில்லை. துக்கத்தைத் திரும்பக் கூப்பிடுவதாகிவிடும். அப்பா இறந்தபோது அவருடைய சிநேகிதர் அரை நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். எங்களுக்கு அதுதான் ஆறுதல்.

யூசுப் தெருவுக்கு ஓடிவந்தார். "கோபமா? சொல்லாமப் போற?"

வழக்கத்தைச் சொன்னேன். அவர் கையை விடவில்லை.

"என்னால அங்க வர முடியாது. உன்னாலதான் இங்க வர முடியும். வர்றேன்னு சொல்லிட்டுப் போ."

மாதாவே பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு, "போயிட்டு வர்றேன்" என்று தமிழிலேயே சொன்னேன்.

தடுப்பருகே வந்ததும், பெத்லகேம் மணிக்கு வைத்திருந்த கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினேன். எந்த ஊர் என்று சிப்பாய் கேட்டான். பெத்லகேம் என்று நாக்கு நுனிவரை வந்தது. இந்தியா என்றேன்.