தொண்ணூற்று நாலாம் ஃபைல்

அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பதிவறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் அம்மாளுக்கு உடும்பு என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். பிடித்தால் விடாதவள் என்பது பாராட்டுதானே, வசவா என்ன!

சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிட்டு, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு ஃபைலில் எழுதுவது அவள் வேலை. 'நலம்' என்று எழுதினால் போதும். ஆனால் பேசும்போது பின்னால் என்ன சத்தம் கேட்டது என்பதையும் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துவைப்பாள். 'குக்கர் விசில்.' 'பேத்தி அழுகிறாள்.' 'நாய், பெரிய நாய்.' கூட வேலை செய்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரிய டாக்டரம்மா ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். கருப்பைப் பக்கத்துச் சினைப்பையில் புற்று வந்து, வயிறு முழுக்கப் பரவிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்த நூற்று எண்பத்தாறு பெண்கள். அவர்களில் யார் ஐந்து வருடம் தாண்டினார்கள், ஏன் தாண்டினார்கள்? வயதா, வயிற்றில் கோர்த்த நீரா, மருந்து ஆறு தவணையும் ஒழுங்காக ஏறியதா, அறுவையில் கட்டி துளியும் மிச்சமில்லாமல் வந்ததா? இந்தக் கடைசிக் கேள்விதான் டாக்டரம்மாவைப் பாடாய்ப்படுத்தியது. எல்லாம் எடுத்தாயிற்று என்று சொல்ல முடிந்தவர்களில் நிறையப் பேர் ஐந்து வருடம் தாண்டியும் உயிரோடு இருந்தார்கள். மிச்சம் விட்டுப்போனவர்களில் அப்படி இருந்தது மூன்றே மூன்று பேர்.

அந்த மிச்சக்காரர்கள் வரிசையில்தான் தொண்ணூற்று நாலு வந்தது. ஒரு தையல்காரி. அறுவைக்குப் பிறகு பட்டாணி அளவில் இரண்டு துணுக்கு உள்ளே நின்றுவிட்டது. ஆறு தவணை மருந்தையும் ஒரு நாள்கூடத் தவறாமல் ஏற்றிக்கொண்டு போனவள், நாலு வருடத்துக்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. இப்போது ஆறாவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

"மூணு தடவை கூப்பிட்டாச்சு. தொடர்பு இல்லைன்னு போட்டுடுங்கம்மா, ஒரு ஆள்தானே" என்றார் புள்ளியியல்காரர். வியாழக்கிழமை கூட்டத்தில் கணக்கை வைக்க வேண்டும் அவருக்கு.

"போன் எடுக்காதவங்க ரெண்டு விதம் சார். போய்ச் சேந்தவங்க ஒரு விதம். நல்லாயிட்டு நம்மளைத் தலைமுழுகினவங்க இன்னொரு விதம். ரெண்டையும் ஒரே கூடையில போட்டா உங்க கணக்கு பொய் சொல்லும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் படித்த படிப்பும் அதையேதான் சொல்லியிருந்தது.

உடும்பு ஃபைலைப் பிரித்தாள். கடைசியாகப் பேசிய நாளின் ஓரத்தில் அவளுடைய எழுத்தே இருந்தது: 'தையல் மிஷின்கள். நிறைய. மாடிப்படி போல எதிரொலி. "சூப்பர்வைசரக்கா" என்று யாரோ கூப்பிட்டார்கள்.'

பழைய முகவரியில் வீடே இல்லை, இடித்துவிட்டிருந்தார்கள். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, அந்த வட்டாரத்துத் துணிக் கம்பெனிகளுக்கு ஒவ்வொன்றாக நடந்தாள். முதல் இரண்டும் தரைத்தளம். மூன்றாவது, மாடியில் இருந்தது. "சூப்பர்வைசரோட சித்தி மக நான்" என்று வாசலில் கூசாமல் புளுகிவிட்டு ஏறினாள். சூப்பர்வைசர் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம்.

கதவைத் திறக்குமுன்பே குரல் கேட்டது.

"இதுக்குப் பேரு தையலா? பிரிச்சுத் திரும்பப் போடு!"

தொண்ணூற்று நாலு, கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க, ஒரு சட்டைக் கையை உயர்த்திப் பிடித்து முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நின்றிருந்தாள்.

உடும்பை அடையாளம் தெரிந்ததும் அவள் முகம் மாறியது. படிக்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"ஆஸ்பத்திரி நம்பரைப் பாத்தாலே அந்த நாளெல்லாம் திரும்ப வந்துடும்க்கா. அதான் சிம்மையே மாத்திட்டேன். இங்க யாருக்கும் தெரியாது. விட்டுடுங்க என்னை."

"விட்டுடறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். உன்னை மாதிரி மிச்சம் வச்சு அனுப்புனதுல மூணு பேர்தான் இருக்காங்கன்னு நாளைக்கு எழுதப்போறாங்க. போன வாரம் ஒரு பொண்ணுக்கு அதே மாதிரி மிச்சம் நின்னுடுச்சு. அவ கேட்டா டாக்டரம்மா மூணுன்னுதான் சொல்லணும்."

தையல்காரி மூக்கை உறிஞ்சினாள்.

"நாலுன்னு சொல்லச் சொல்லுங்க. பேரு மட்டும் வேணாம்."

வியாழக்கிழமை கூட்டத்தில் டாக்டரம்மா கணக்கைச் சொல்லி முடித்தார். "நூற்று எண்பத்தாறில் ஒருவரின் தகவலைக்கூட நாம் தொலைக்கவில்லை" என்றவர், கடைசி வரிசையைக் காட்டி, "அதற்குக் காரணம் அதோ அந்த அம்மா" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புள்ளியியல்காரர்தான் முதலில் கைதட்டினார். உடும்புக்குப் பெருமை பிடிபடவில்லை. அதை மறைக்கவும் தெரியவில்லை.

அறைக்குத் திரும்பியதும் தொண்ணூற்று நாலாம் ஃபைலை எடுத்து 'நலம்' என்று எழுதினாள். பிறகு பேனாவைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தில் பொடி எழுத்தில்:

'மிஷின் சத்தத்தைவிட இவள் சத்தம் அதிகம்.'