கீழ் வீடு கேட்டுப் போனோம்

கொரட்டூரில் வீடு தேடுகிறவர்கள் மாடிதான் கேட்பார்கள். ஐப்பசியில் ஏரி நிறைந்தால் தெருவுக்கு வரும், தெருவிலிருந்து கூடத்துக்கு வரும், கட்டிலுக்கு அடியில் செருப்புகள் மிதக்கும். இது தெரிந்துதான் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம், லிஃப்ட் இல்லாவிட்டாலும். இது தெரிந்துதான் போன கோடையில் புரோக்கரிடம் கீழ் வீடு கேட்டேன்.

அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஊரே மேல ஏறிகினு கீது, நீ இன்னாக்கா கீழ எறங்கணும்ன்ற? ஏரிக்கு அட்ரஸ் குடுக்கப் போறியா?”

மகளுக்காக என்றேன். அவளுக்குக் காலில் ஏதாவதா என்று கேட்டார். காலில் ஒன்றுமில்லை.

எட்டாம் வகுப்பில் அவளுக்குக் கொரோனா வந்தது. எனக்கும் அவள் அப்பாவுக்கும் கூடத்தான். மூவரில் அவளுக்குத்தான் லேசு. காய்ச்சல் விட்டதும் தோசை கேட்டாள். நாங்கள் தேறினோம். அவள் தேறியதுபோல் இருந்து, பாதியில் நின்றுவிட்டாள். படி ஏறினால் நெஞ்சு படபடக்கும், படிக்கிற வரி கண்ணெதிரே கலையும், ஒருநாள் ஓடியாடினால் மறுநாள் தலையணையை விட்டுத் தலை எழாது. ரத்தம், எக்ஸ்ரே, எக்கோ எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாக இருந்தது, அவளைத் தவிர. வயசுப் பிள்ளை, போனைப் பிடுங்கி வையுங்கள் என்றார்கள். கடைசியில் ஆவடிப் பக்கம் ஒரு குழந்தை மருத்துவர்தான், கொரோனாவுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு இப்படி நீள்வதுண்டு, இதற்கென்று மாத்திரை கிடையாது, களைத்த பிறகு உட்காராதே, களைக்கும் முன்பே உட்கார் என்று அவளிடமே சொன்னார்.

உட்கார்ந்தாள். பள்ளி விட்டு வரும்போது இரண்டாவது மாடிப் படியில், பையை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் அவளைத் தாண்டி ஏறிக்கொண்டே சிரித்தார்.

“எங்கம்மாவே நிக்காம ஏறுது. உனக்கு இன்னா பாப்பா?”

அதற்குப் பிறகு அவள் இறங்குவதைக் குறைத்துவிட்டாள். இறங்கினால் ஏற வேண்டுமே. பள்ளியில் அட்டென்டன்ஸ் குறைந்தது. அடுத்தது பத்தாம் வகுப்பு; இப்படியே போனால் பரீட்சை எழுத விட முடியாது என்று கூப்பிட்டுச் சொன்னார்கள்.

புரோக்கர் காட்டிய வீடு ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. புதுப் பெயின்ட். பெயின்டையும் மீறிப் பழுப்புக் கோடு ஒன்று நான்கு சுவரையும் சுற்றி ஓடியது. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன், என் இடுப்புக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லத் திரும்பினேன். மகள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். மறுபடி போனாள். தள்ளுவண்டியில் கொய்யா விற்கிறது என்று வந்து சொன்னாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தோம்.

குடிவந்த நாளில் வாசலுக்கும் தெருமுனைக்கும் சும்மாவே நடந்தாள். கொத்தமல்லிக்கு ஒரு தடவை, நாயைப் பார்க்க ஒரு தடவை, ஒன்றுமே இல்லாமல் ஒரு தடவை. அடுத்த இரண்டு நாள் படுக்கையில் கிடந்தாள். அதுவும் சேர்ந்ததுதான் இந்த நோய். பிறகு அளவு பிடிபட்டது. வாரத்தில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள், சில வாரம் முழுதும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மேல் வீட்டம்மா படியில் நின்று, தண்ணி வந்தால் கதவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே ஏறி வந்துவிடுங்கள் என்றார். நான் அரிசியை, பாய்களை, அவள் புத்தகங்களைப் பரணில் ஏற்றினேன். ஏற்றிக்கொண்டே, தப்பு பண்ணிவிட்டோமோ என்று அவளிடம் கேட்டும்விட்டேன்.

“இங்க தண்ணி வந்தா ஒரு நாள் ஏறணும். அங்க தினமும் ஏறணும்மா.”

சொல்லிவிட்டு, நாளைக்குப் பள்ளி உண்டா என்று போனில் பார்த்தாள். லீவு விட்டிருந்தார்கள். போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, அந்தப் புத்தகங்களில் ஒன்றையாவது கீழே இறக்கு என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.