கோட்டில் சேராத ஒரு புள்ளி

இதை எழுத எனக்கு ஐந்து வருஷத் தயக்கம். வாரா வாரம் உங்களோடு பேசுகிறவள் பத்தாம் வகுப்புக் கணக்கில் ஃபெயில் என்று தெரிந்தால்... அடுத்த வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுவீர்களா?

இனி சொல்லலாம். போன வாரம் ரிசல்ட் வந்துவிட்டது.

தனித்தேர்வராக இரண்டு தடவை எழுதினேன். மற்றதெல்லாம் பாஸ். கணக்கு மட்டும் இரண்டு தடவையும் கவிழ்த்தது. மூன்றாவது தடவைக்குத் துணை, எதிர் வீட்டு மருமகள் ஸ்டெல்லா. பி.எஸ்ஸி. மேத்ஸ்.

"அக்கா, கிராஃபை விட்டுடாதீங்க. முழுசா எட்டு மார்க்கு!"

x-க்கு ஒவ்வொரு எண்ணாகக் கொடுத்து, y என்ன வருகிறதோ அங்கே புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் தூளி மாதிரி ஒரு வளைவு. அது படுக்கைக் கோட்டை எங்கே வெட்டுகிறதோ, அதுதான் விடை.

நான் என்ன செய்தேன்? நடவுக்குப் போய்ப் பழகிய கை... ஸ்கேலை வைத்துப் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு!

"என்னக்கா, கயிறு புடிச்சு நாத்தா நடுறீங்க? ஸ்கேலைக் கீழ போடுங்க. கையால வளைங்க."

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "என்னையே வளைச்சவ... இதை வளைக்க மாட்டாளா?"

பரீட்சை நாள். மாதாவை வேண்டிக்கொண்டு இரண்டு அச்சையும் போட்டேன். பார்த்தால் சிலுவை! பாதிப் பயம் போயிற்று.

x² – 2x – 3 = 0. புள்ளிகளை வைத்து, கையால் வளைத்துக்கொண்டே வந்தேன். வலப்பக்கம் அழகாக ஏறியது. இடப்பக்கம்? மைனஸ் இரண்டின் புள்ளி மட்டும் கீழே தனியாகக் கிடந்தது.

வரிசை தப்பி நட்ட நாற்று என் கண்ணுக்குத் தப்புமா? கணக்கைத் திரும்பப் பார்த்தேன். அவசரத்தில், மைனஸ் இரண்டின் வர்க்கத்தை மைனஸ் நான்கு என்று போட்டிருக்கிறேன்! பிளஸ் நான்கல்லவா? அழித்தேன். புள்ளி மேலேறி ஐந்தில் உட்கார்ந்தது. வளைவு மைனஸ் ஒன்றிலும் மூன்றிலும் கோட்டை வெட்டியது — சுத்தமாக!

புள்ளிகளை ஸ்கேல் வைத்துச் சேர்த்திருந்தால் அந்தத் தப்பையும் இழுத்துச் சேர்த்திருப்பேன். வளைந்து போனதால்தான் தப்பு தெரிந்தது. வீட்டுச் சண்டையிலும் அப்படித்தானே?

போன வாரம் போனைப் பார்த்து இவர் தெருவுக்கே கேட்கக் கத்தினார்: "பாஸுடி!" ஸ்டெல்லா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான் அழுதேன், சிரித்தேன், ஜெபமாலையைத் தேடினேன்.

கணக்குக்குப் பயந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். மாதாவே கணக்குப் போட்டுக் கொடுத்தாள் என்று மட்டும் கூட்டிவிடாதீர்கள் — தப்பைக் காட்டியது அவள். அழித்துப் போட்டது நான்!