அந்தோராவின் பலகை

சுவிட்சர்லாந்தில், எங்கள் பேர்ன் நகரத்தில் வெயில் காலத்தில் வேலை முடிந்தவர்கள் ஆற்றில் மிதந்து வீடு போவார்கள். உடுப்பையும் சப்பாத்தையும் ஒரு பைக்குள் கட்டி, அதை அணைத்தபடி, பச்சை நீரோடு தலைகள் மட்டும் போகும். முதன்முதல் பாலத்தில் நின்று பார்த்தபோது, யாரையாவது உதவிக்குக் கூப்பிட வேண்டுமோ என்று பயந்தேன். ஊரில் சொன்னால் இன்றும் நம்ப மாட்டார்கள். இங்கே எல்லாமே அப்படித்தான், கனவுபோலச் சத்தமில்லாமல் நடக்கும்.

அதனால் ஐரோப்பிய நாடுகளின் பெரிய விளையாட்டு விழா முதன்முறையாக இந்தச் சின்ன நாட்டுக்கு வந்த கோடையில், நகரமே கொஞ்சம் கூச்சப்பட்டதுபோல இருந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தொண்டர்களாகப் போக விரும்பியவர்களுக்கு லீவு தந்தார்கள். பெயர் கொடுத்தேன். தொடக்க விழாவில் அந்தோராவின் பெயர்ப்பலகையைப் பிடித்து நடக்கச் சொன்னார்கள்.

"அந்தோராவோ? அது எங்க கிடக்கு?" என்றார் கணவர்.

"பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில."

"சுவிஸ் பலகையைக் கேட்டிருக்கலாமே. போன வருசம்தானே உமக்குப் பாஸ்போட் கிடைச்சது."

ஆசை இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. யாழ்ப்பாணத்தில், பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு, எங்கள் இல்லத்தின் பலகையைப் பிடித்து அணிநடை பழகியவள் நான். போட்டி நடக்கவில்லை. அந்த மைதானத்தில் இடம்பெயர்ந்து வந்த சனம் கூடாரம் போட்டது. பிறகு நாங்களும் இடம்பெயர்ந்தோம். நடை மட்டும் காலில் தங்கிவிட்டது.

விழா மாலையில் அந்தோராவுக்கு ஒரே ஒருத்திதான் வந்தாள். மார்த்தா, ஜூடோக்காரி, இருபது வயதிருக்கும். கொடியும் அவள் கையில்தான். ஆங்கிலத்தில் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டாள். வீட்டைக் கேட்கிறாளாக்கும் என்று, பேர்னில் நாங்கள் குடியிருக்கும் பகுதியின் பெயரைச் சொல்லி, "பூம்ப்ளிஸ்" என்றேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "உங்கள் நாட்டிலிருந்து எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள்?" என்றாள்.

அப்போது பொறுப்பாளர் ரெகுலா ஓடிவந்தாள். சுவிஸ் பலகை பிடிக்க இருந்த பெண் வெயிலில் மயங்கிவிட்டாளாம். "உன் நடை நன்றாக இருக்கிறது. நீ வா. அந்தோராவின் பலகையை மைதானத்தில் நட்டுவிடலாம்." பலகை பிடித்தவர்கள் இறுதிவரை தங்கள் அணியோடு நிற்க வேண்டும். இரண்டையும் பிடிக்க வழியில்லை.

ஜெர்மன் விளங்காவிட்டாலும் மார்த்தாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. என்னைப் பார்க்காமல் கொடித்துணியை நீவிக்கொண்டிருந்தாள்.

"நான் இவளோடு போகிறேன்," என்றேன்.

ரெகுலா ஒரு கணம் பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடி ஓடினாள்.

நாங்கள் இருவரும் நடந்தோம். அவ்வளவு பெரிய புல்வெளியில் எங்கள் காலடி எங்களுக்கே கேட்டது. கைதட்டல் தூரத்து மழைபோல வந்து நின்றது. நடுவில் நின்று, நாடுகள் ஒவ்வொன்றாக அந்திவெயிலுக்குள் வருவதைப் பார்த்தோம்.

கடைசியில் சுவிஸ் வந்தது. இந்த நாட்டு வழக்கப்படி சனம் குலுக்கிய மாட்டுமணிகள் அதிர்ந்தன. முன்னால் யாரோ ஓர் இளம்பெண், கொஞ்சம் அடி பிசகி, பலகையோடு வந்தாள். எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. இரண்டு கையிலும் அந்தோரா.

மார்த்தா கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பலகையின் தடியைத் தன் மறுகையில் வாங்கினாள். "தட்டுங்கள்."

தட்டினேன். கண் கலங்கியது. "எங்கட பிள்ளையள் வருகினம்," என்று வாய் தானாகத் தமிழில் சொன்னது.

மார்த்தா சிரித்தாள். "சுவிஸ் ஜெர்மன் கேட்க இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது."

நான் திருத்தவில்லை.