போகி மேளத்துக்கு ஜலதோஷம்

என் வகுப்பறை பீரோவின் மேல் ஒரு போகி மேளம் இருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு மண் வளையம், அதன் மேல் ஒட்டிய மெல்லிய தோல், கொட்டுவதற்கு ஒரு குச்சி. தோலின் ஓரம் தீய்ந்து கறுத்திருக்கும். திருச்சானூரில் இந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அதைத் தூக்கிப் போடச் சொல்லாத ஆளில்லை. போட மாட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரோஷம் வரவேண்டும், அதற்காகவே கண்ணெதிரில் வைத்திருக்கிறேன்.

யூகேஜி மிஸ் கொடுத்தது அது. வரதய்யபாளையத்தில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு எல்கேஜி, பக்கத்து அறையில் அவள். நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், வாயைத் திறந்தால் பாதி வாக்கியம் தெலுங்கில் முடியும். பிள்ளைகளும் அப்படித்தான். முக்கால்வாசிப் பேரின் அப்பா அம்மா ஸ்ரீ சிட்டி கம்பெனிகளில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். காலையில் தூக்கம் கலையாத முகத்தோடு வந்து இறங்கும் அந்தப் பிள்ளைகளை அவள் பாடத்தை வைத்து எழுப்ப மாட்டாள், தாளத்தை வைத்துத்தான் எழுப்புவாள்.

சங்கராந்தி நெருங்கினால் அந்த அறையைக் கேட்கவே வேண்டாம். தெலுங்கு வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு, சாணியை உருட்டிப் பூச்செருகி வைக்கிற கொப்பெம்மாவைச் சுற்றிவந்து கும்மியடிக்கத் தெரியும். தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு விடியலில் போகி மேளம் கொட்டத் தெரியும். அவள் இரண்டையும் சேர்த்துவிட்டாள். நடுவில் கும்மி, சுற்றி மேளம், இரண்டும் வராத பிள்ளைகள் கையில் துவரம்பருப்பு போட்ட தண்ணீர் பாட்டில். அவள் கை மேலே போனால் பலமாகக் கொட்ட வேண்டும், கீழே இறங்கினால் மெதுவாக. கையை மூடினால் நிறுத்திவிட வேண்டும். மூடிய பிறகும் எவனாவது ஒருவன் கடைசியாக ஒரு அடி அடிப்பான். அவள் ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்ப்பாள், வகுப்பே சிரிக்கும். அந்த ஒரு அடியை மட்டும் அவளால் நிறுத்தவே முடியவில்லை.

ஒரு வருடம் சங்கராந்தி விழாவுக்கு கரெஸ்பாண்டென்ட் சார் திருப்பதியிலிருந்து ஒரு டான்ஸ் மாஸ்டரைக் கூட்டி வந்தார். பென் டிரைவில் சினிமாப் பாட்டு. ஸ்டெப் வந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். வராத பிள்ளைகள் விழா முடிகிற வரைக்கும் வகுப்பில் உட்காரட்டும், கதவைச் சாத்திவிடுங்கள், வீடியோவில் அசிங்கமாக இருக்கும் என்று சார் சொன்னார். வாய் கூசாமல் சொன்னார். அப்படி ஒதுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் அவள் பிள்ளைகள். எல்லோரும் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கம் திரும்பினான் என்பதற்காக ஒருவனை ஒதுக்கியிருந்தார்கள்.

அவள் நேராக ஆபீஸ் அறைக்குப் போனாள். இந்தப் பிள்ளைகளும் கொட்டுவார்கள், கடைசியில் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று கேட்டாள். அது சத்தம், மியூசிக் இல்லை என்றார் சார். அவள் விடவில்லை. கடைசியில், விழா அன்று காலை கொட்டிக் காட்டட்டும், நன்றாக இருந்தால் மேடை, இல்லாவிட்டால் வகுப்பறை என்று ஒப்புக்கொண்டார். வெளியே வந்தவள் என்னிடம் சொன்னாள்: "பசங்க உள்ள குந்திக்கினு இருக்கணும்னா நானும் உள்ளயே குந்திக்கிறேன். ஆனா கதவ மட்டும் சாத்த வுட மாட்டேன்."

விழாவுக்கு முந்தின சாயங்காலம் மேடையை அலங்கரித்தவர்கள், இடைஞ்சலாக இருக்கிறதென்று மேளக் கூடையைத் தூக்கி காம்பவுண்டு சுவரோரம் வைத்துவிட்டார்கள். சொன்னது சார்தான். கெட்ட எண்ணமில்லை, தெரியாத்தனம். எங்கள் பக்கத்தில் போகி மேளத்தைப் பனியில் வைப்பார்களா? காலையில் எடுத்துப் பார்த்தால் தோலெல்லாம் தொளதொளவென்று கிடந்தது. தட்டினால் தொப்பென்று ஈரத் துணியை அடிக்கிற சத்தம். சார் தூரத்திலிருந்தே கேட்டுவிட்டு, போதும், பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு மேடைப் பக்கம் நடந்தார். இடப்பக்கம் திரும்புகிறவன் மேளத்தைத் தூக்கிக் காட்டினான்.

"மிஸ், மேளத்துக்கு ஜலதோசம்."

"ஆமாண்டா நைனா. வா, குளிர் காய வைக்கலாம்."

சுவரோரம் கிழிந்த சார்ட்டுகளும் உடைந்த அட்டைப் பெட்டிகளும் கிடந்தன. அவள் வாட்ச்மேனிடம் தீப்பெட்டி வாங்கி, ஸ்கூல் மைதானத்தின் மூலையில் பற்ற வைத்தாள். போகிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று யாரோ கேட்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மேடையிலிருந்து சார் கத்தினார். நானும் போய்ப் பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, மேளங்களை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றையும் அனலில் காட்டி விரலால் சுண்டிப் பார்த்தாள். தோல் இறுக இறுக சத்தம் ஏறியது. அவசரத்தில் ஒன்று மட்டும் தீய்ந்துவிட்டது.

சினிமாப் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் அவள் பிள்ளைகளோடு மேடைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். மேலே ஏறக்கூட இல்லை, தரையில்தான். கை மேலே போனது. கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் ஏறப் போனவர்கள்கூட திரும்பி வந்தார்கள். கை இறங்கியது, மேளம் முணுமுணுத்தது, நடுவில் கும்மியடித்த பெண் பிள்ளைகளின் கைச்சத்தம் தனியாகக் கேட்டது. பிறகு அவள் கையை மூடினாள். ஒருவன்கூட அடிக்கவில்லை. அந்தக் கடைசி ஒரு அடி வரவே இல்லை. அத்தனை சின்னப் பிள்ளைகள் குச்சியைத் தூக்கிய கையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் திரும்பி சாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைத் திறந்தாள். மேளமெல்லாம் மறுபடி ஒரே அடியாக முழங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

மறுநாள் நெருப்பு மூட்டியதற்கு மன்னிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "தப்பு பண்ணவங்கள எழுதச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பாடம் நடத்தப் போய்விட்டாள். அந்த வருடத்தோடு அவளுக்கு அங்கே வேலை இல்லை. போகும்போது தீய்ந்த மேளத்தை என் கையில் கொடுத்தாள். இப்போது சித்தூரில் வேறு பள்ளி. அங்கேயும் சண்டைதான், போனில் பேசும்போது குரலிலேயே தெரியும்.

போன வாரம் எங்கள் பள்ளியில் ஸ்டாஃப் மீட்டிங். சங்கராந்திக்கு நன்றாக ஆடுகிற பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுங்கள், மற்றவர்கள் வகுப்பில் இருக்கட்டும் என்றார்கள். நான் எழுந்து போய் பீரோவின் மேலிருந்த மேளத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். என் வகுப்பில் பொறுக்க யாருமில்லை, எல்லோரும் மேளம் கொட்ட வருவார்கள் என்றேன். சத்தமாக இருக்குமே என்றார்கள். நான் கையைத் தூக்கி, விரல்களை மெல்ல மூடிக் காட்டினேன். அவர்களுக்குப் புரியவில்லை. விழா அன்று புரியும்.