செம்பூர் மாமாவின் உப்பில்லாச் சாப்பாடு

மும்பை மாட்டுங்காவில் வீட்டிலேயே சமைத்து, நோயாளிகளுக்கு உப்பில்லாத சாப்பாடு அனுப்புகிறேன். முன்பு வீடுவீடாகச் சாப்பாட்டு டப்பா சுமக்கும் டப்பாவாலா கொண்டுபோவார். டெலிவரிக்குக் காசே வேண்டாம் என்று ஒரு ஆப் வந்ததும், அவரை நானே நிறுத்தினேன். அந்த ஆப் மற்ற ஆப்களை ஒவ்வொன்றாக வாங்கிப்போட்டது. பிறகு கமிஷனை ஏற்றிக்கொண்டே போனது. தாங்காமல், மிச்சமிருந்த ஒரு சின்ன டெலிவரி கம்பெனியிலும் பெயர் கொடுத்தேன்.

அதற்குத் தண்டனையாக மறுநாளே பெரிய ஆப்காரர்கள் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். முறையிட்டால் மெஷின்தான் பதில் சொன்னது.

ஆப் வழியாகவே எனக்குக் கிடைத்து, செம்பூரில் தினமும் என் சாப்பாட்டை நம்பியிருந்த கிட்னி நோயாளி மாமாவுக்குத் தகவல் சொல்லத் துடித்தேன். ஆனால் அவருடைய பேட்டையையும் நோயையும் தவிர, நம்பரையோ விலாசத்தையோ ஆப் எனக்குக் காட்டியதே இல்லை.

சில நாள் கழித்து, விசாரித்துக்கொண்டு அவர் மகள் வந்தாள்.

"கிச்சன் மூடியாச்சுன்னு ஆப்ல வந்தது மாமி. அப்பா ஹோட்டல்லேர்ந்து வரவழைச்சுச் சாப்பிட்டார். இப்போ ஐசியூல இருக்கார். ஒரு போன் பண்ணியிருக்கப்படாதா?"

"நம்பர் இல்லையேம்மா."

"இத்தனை வருஷமா சாப்பாடு போட்டேள், நம்பர் இல்லையா?"

இப்போது நம்பர் வாங்காமல் யாருக்கும் நான் சமைப்பதில்லை. டப்பாவாலாவைக் கெஞ்சித் திரும்ப வரவழைத்துவிட்டேன். மாமா ஐசியூவிலிருந்து திரும்பவில்லை; செம்பூருக்குக் கொண்டுபோக மட்டும் டப்பா இல்லை.